பிபிடிக்கு 5 லட்சம் கடன்: கணக்கு எங்கே இடிக்கிறது

அண்ணே, மார்த்தாண்டத்திலிருந்து மகளை வருடம் 1.25 லட்சம் ஃபீஸில் பிபிடி, அதாவது இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) பட்டப்படிப்பில் சேர்க்க 5 லட்சம் கடன் எடுக்கலாமா, நாகர்கோவிலில் ஆரம்பச் சம்பளம் 15,000தானாமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடன் 5 லட்சத்தில் நிற்காது. முதல் ஃபீஸ் கட்டியதிலிருந்து தவணை தொடங்க ஐந்தரை வருடம் என்று வையுங்கள். 10 சதவீதத் தனிவட்டியில் பாக்கி 7 லட்சம் ஆகிவிடும். 10 வருடத்துக்கு மாதம் சுமார் 9,250. 15,000 சம்பளத்தில் மிஞ்சுவது பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரி.

படிக்கும்போதே வட்டியைக் கட்டிவாருங்கள். முதல் வருடம் மாதம் 1,040, நாலாம் வருடம் 4,170. தவணை 6,600க்கு இறங்கும். இதற்கு முன், திருச்சி அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அங்கே கிடைத்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

ஆஸ்பத்திரிச் சம்பளம் மட்டும் நம்பினால் இழுபறிதான். காசு வீட்டு விசிட்டில். பக்கவாதம் வந்தவருக்கும் முட்டி மாற்றியவருக்கும் வாரக்கணக்கில் ஆள் தேவை. விசிட்டுக்கு 400 என்றே வைத்தாலும், சாயங்காலம் இரண்டு வீடு, மாதம் 24 நாள்: 19,200. பெட்ரோல் போக. ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்! ரேட்டைத் தக்கலை, குழித்துறைப் பக்கம் நேரில் விசாரியுங்கள்.

கல்லூரியில் கேட்க வேண்டியது ஒன்று: எலும்பு, நரம்பு வார்டுகள் உள்ள சொந்த ஆஸ்பத்திரி உண்டா? இல்லையென்றால் பிள்ளை நோயாளியைத் தொடாமலே பட்டம் வாங்கும்.