மைனர் லீக்கில் நாளைய நட்சத்திரத்தை அடையாளம் காண்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் சேர்க்கும் எண்களால் போட்டியிடும் ஃபேன்டஸி பேஸ்பால் ஆடும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மைனர் லீக் எனப்படும் கீழ்நிலைகளில் ஆடி, உச்ச நிலையான மேஜர் லீக்கை இன்னும் எட்டாத இளம் ஆட்டக்காரர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

நண்பர்களோடு ஒரு டைனஸ்டி லீக்கில் இந்த ஆண்டுதான் சேர்ந்தேன். மற்றவர்கள் நான் பெயர்கூடக் கேள்விப்படாத 19 வயது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மைனர் லீக்கை எங்கிருந்து கவனிக்கத் தொடங்க வேண்டும்?
– ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

ஆண்டுதோறும் அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் லீக்கில் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு அதிக மதிப்பில்லை. டைனஸ்டி லீக்கிலோ ஒருவரை ஒருமுறை எடுத்துவிட்டால் விரும்பும் காலம்வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், பிறர் கவனிக்கும் முன்பே ஒருவரைக் கண்டுபிடிப்பவருக்குப் பல ஆண்டுகளுக்குப் பலன் கிடைக்கிறது.

2021-ல் நடந்த மறுசீரமைப்புக்குப் பிறகு, 30 மேஜர் லீக் அணிகளுக்கும் தலா நான்கு வீதம் 120 துணை அணிகள் இருக்கின்றன. கீழிருந்து மேலாக அவை சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்னும் நிலைகளில் ஆடுகின்றன. இவற்றுக்கும் கீழே ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் உள்ள பயிற்சி வளாகங்களிலும், டொமினிக்கன் குடியரசிலும் தொடக்க நிலை லீக்குகள் நடைபெறுகின்றன. இத்தனையையும் ஒரே நேரத்தில் பின்தொடர்வது யாராலும் இயலாது. டபுள்-ஏவில் தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை. கீழ்நிலைகளில் வேகப்பந்தை மட்டும் அடிக்கத் தெரிந்த மட்டையாளர்கூட நல்ல எண்களோடு தப்பித்துவிடலாம். டபுள்-ஏவில்தான், வளைந்து இறங்கும் பந்தை வேண்டிய இடத்தில் இறக்கத் தெரிந்த பந்துவீச்சாளர்களை அவர் அன்றாடம் சந்திக்க நேர்கிறது. அங்கே 22 வயதுக்கு உட்பட்டு நன்றாக ஆடும் மட்டையாளர்கள் யார் யார் என்று பார்த்தாலே, உங்கள் முதல் பட்டியல் கிடைத்துவிடும்.

கீழ்நிலை லீக் ஒன்றில் ஹோம் ரன்களைக் குவித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆட்டக்காரரை எடுக்க நினைக்கிறேன். ஆனால் எங்கள் லீக்கில் அனுபவம் வாய்ந்த ஒருவர், ஹோம் ரன் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதே என்கிறார். பிறகு எதைத்தான் பார்ப்பது?
– ஒரு வாசகர், பிளேனோ, டெக்சாஸ்

உங்கள் நண்பர் சொல்வது சரி. இந்தப் பகுதியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதையேதான்: முதலில் வயதைப் பாருங்கள், அடுத்து ஸ்ட்ரைக்அவுட்களையும் ‘வாக்’களையும் பாருங்கள், அதன் பிறகு ஹோம் ரன்களுக்கு வாருங்கள். (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது ஹோம் ரன். மூன்று முறை பந்தைத் தவறவிட்டோ அடிக்கத்தக்க பந்தை விட்டோ ஆட்டமிழப்பது ஸ்ட்ரைக்அவுட். அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே வரும் நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டு முதல் பேஸுக்கு நடந்து செல்வதையே வாக் என்கிறார்கள்.)

ஹோம் ரன்களை மட்டும் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு பிராண்டன் வுட்டின் கதையைவிடத் தெளிவான சான்று இல்லை. ஏஞ்சல்ஸ் அணியைச் சேர்ந்த அவர், 2005-ல் கலிபோர்னியா லீக்கில் ராஞ்சோ குக்கமோங்கா அணிக்காக 43 ஹோம் ரன்கள் அடித்தார்; நாட்டின் முன்னணி இளம் ஆட்டக்காரர்களில் ஒருவராக எல்லாப் பட்டியல்களிலும் இடம்பிடித்தார். ஆனால் அந்த லீக், வறண்ட காற்றும் மட்டையாளருக்குச் சாதகமான மைதானங்களும் கொண்டது என்பதையும், அந்த ஆண்டிலேயே அவர் நூற்றுக்கும் மேற்பட்ட முறை ஸ்ட்ரைக்அவுட் ஆகியிருந்தார் என்பதையும் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேஜர் லீக்கில் அவருடைய மொத்த மட்டைச் சராசரி (அடிக்க வந்த முறைகளில், பந்தை அடித்துப் பேஸை எட்டிய ‘ஹிட்’களின் விகிதம்) 0.186; ஹோம் ரன்கள் 18 மட்டுமே.

இதற்கு நேர்மாறானவர் மூக்கி பெட்ஸ். அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில், 2011-ல் ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்ட அவர், 2012-ல் லோவெல் என்னும் கீழ்நிலை அணிக்காக ஆடிய பருவம் முழுவதும் ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. உருவத்திலும் சிறியவர். அதற்கு அடுத்த ஆண்டு, ஏ நிலையின் இரு படிகளில் ஆடி 15 ஹோம் ரன்களும் 38 பேஸ் திருட்டுகளும் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) சேர்த்தபோது, கூர்ந்து பார்த்தவர்களுக்கு வேறோர் எண் கண்ணில் பட்டிருக்க வேண்டும்: அவருக்குக் கிடைத்த ‘வாக்’கள் 81, ஆன ஸ்ட்ரைக்அவுட்கள் 57. எந்தப் பந்தை அடிப்பது, எதை விடுவது என்று இருபது வயதிலேயே தெளிவாக அறிந்திருந்த ஒருவருக்கு, உடல் வலுப்பெறும்போது ஹோம் ரன்கள் பின்னால் வரும் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்தது. 2018-ல் அவர் அமெரிக்கன் லீக்கின் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று; மற்றது நேஷனல் லீக்) மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.

ஒரு பருவத்தின் மொத்தக் கணக்கைவிட, அதற்குள் நிகழும் மாற்றம் சில சமயம் அதிகம் சொல்லும். வெறும் 1,00,000 டாலருக்கு ஒப்பந்தமாகி, பின்னாளில் பெரும் நட்சத்திரமான ரொனால்ட் அகூன்யா, 2017-ல் தம் 19-ஆம் வயதில் ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என மூன்று நிலைகளையும் ஒரே ஆண்டில் கடந்தார். மேலே செல்லச் செல்ல எதிர்கொள்ளும் பந்துவீச்சு கடினமாகும் என்பதால், பெரும்பாலோருக்கு ஸ்ட்ரைக்அவுட்களும் கூடும். அவருக்கோ அவை ஒவ்வொரு படியிலும் குறைந்தன: 30 சதவீதத்துக்கு மேல் தொடங்கி, டிரிபிள்-ஏவில் 20 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வந்து நின்றன. தம்மைவிடப் பல வயது மூத்தவர்களை எதிர்த்து ஆடிக்கொண்டே ஒருவர் கற்றுக்கொள்கிறார் என்றால், அவரை விலை கொடுத்தாவது வாங்குங்கள்.

நீங்கள் குறிப்பிடும் ஆட்டக்காரருக்கு 24 வயதாகியும் இன்னும் கீழ்நிலையிலேயே ஆடுகிறார் என்றால், அவர் தம்மைவிட இளையவர்களையும் அனுபவமற்றவர்களையும் அடித்துக்கொண்டிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். மைதானத்தையும் கணக்கில் சேருங்கள். டிரிபிள்-ஏவின் பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்புகர்க்கி மைதானம் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. ரீனோவும் சால்ட் லேக்கும் 4,000 அடிக்கு மேல் உள்ளன. காற்றின் அடர்த்தி குறைந்த அந்த ஊர்களில் அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும் என்பதால், ஒருவருடைய சொந்த மைதான எண்களையும் வெளியூர் எண்களையும் தனித்தனியே பார்ப்பது அவசியம். 2023 முதல் எல்லா டிரிபிள்-ஏ மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் இயங்குவதால், மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தையே நாம் பார்க்க முடிகிறது. மைதானத்தின் உயரத்தால் அந்த எண் வீங்குவதில்லை.

ஆண்டுதோறும் வெளியாகும் முதல் நூறு இளம் ஆட்டக்காரர்கள் பட்டியலை அப்படியே பின்பற்றினால் போதாதா?
– ஒரு வாசகர், ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

போதாது. அந்தப் பட்டியல்கள் மேஜர் லீக் அணியின் தேவையைக் கொண்டு தயாராகின்றன. நமக்கு வேண்டியது வேறு. ஆட்டக்காரர்களை மதிப்பிடும் ஸ்கவுட்கள், அடிக்கும் திறன், வலிமை, ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை ஆகிய ஐந்துக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் தருகிறார்கள். 50 என்பது மேஜர் லீக்கின் சராசரி. வழக்கமான பத்துப் பிரிவு ஃபேன்டஸி லீக்கில் மட்டையாளருக்குக் கிடைப்பவையோ சராசரி, ரன், ஹோம் ரன், ஆர்பிஐ (தம் அடியால் அணிக்கு வந்த ரன்கள்), பேஸ் திருட்டு ஆகியவை மட்டுமே. அற்புதமாகப் பந்து பிடிக்கும் ஒரு ஷார்ட்ஸ்டாப் பட்டியலில் முப்பதாம் இடத்தில் இருக்கலாம். அவருடைய மட்டை சுமாராக இருந்தால் நம் அணிக்கு அவரால் பயனில்லை.

அதற்காக ஃபீல்டிங்கை அறவே மறந்துவிடவும் கூடாது. ஃபீல்டிங்கால் நமக்குப் புள்ளி கிடைக்காவிட்டாலும், ஒருவர் நாள்தோறும் களமிறங்குவாரா என்பதை அது முடிவு செய்கிறது. நல்ல ஃபீல்டர் மட்டையில் இரண்டு வாரம் தடுமாறினாலும் பயிற்சியாளர் அவரைப் பொறுத்துக்கொள்வார். மட்டையை மட்டும் நம்பி வந்தவருக்கு அந்தப் பொறுமை கிடைப்பதில்லை. 2022-ல் நேஷனல் லீக்கிலும் ஃபீல்டிங் செய்யாத மட்டையாளருக்கென்றே ஓரிடம் நிரந்தரமானதால், இவர்களுடைய நிலைமை முன்பைவிடச் சற்று மேம்பட்டிருக்கிறது.

வேகத்தின் மதிப்பும் கூடியிருக்கிறது. 2023-ல் பேஸ்களின் அளவைப் பெரிதாக்கி, பந்துவீச்சாளர் ஓட்டக்காரரைத் தடுக்க எறியும் முறைகளுக்கும் வரம்பு விதித்ததும், மேஜர் லீக்கில் பேஸ் திருட்டுகள் முந்தைய ஆண்டின் 2,486-லிருந்து 3,503-ஆக உயர்ந்தன. எல்லி டி லா குரூஸ் 2022-ல் ஹை-ஏவிலும் டபுள்-ஏவிலுமாக 28 ஹோம் ரன்களும் 47 திருட்டுகளும் சேர்த்தார். 2024-ல் மேஜர் லீக்கிலேயே 25 ஹோம் ரன்களும் 67 திருட்டுகளும் எட்டினார். அந்த ஆண்டு அவர் 218 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரைக்அவுட்களைப் பற்றி நான் முன்னே சொன்ன எச்சரிக்கைக்கு இத்தகைய விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவருக்கு இருக்கும் வேகம் மிகச் சிலருக்கே வாய்க்கும்.

டொராண்டோ புளூ ஜேஸ் அணியின் ட்ரே யெசாவேஜை நான் எடுக்காமல் விட்டுவிட்டேன். அவரைப் போன்ற இளம் பந்துவீச்சாளர்களை முன்கூட்டியே கண்டுகொள்ள வழி உண்டா?
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா

2024 டிராஃப்டில் 20-ஆவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 2025-ஐ டனீடனில் சிங்கிள்-ஏவில் தொடங்கி, வான்கூவர், நியூ ஹாம்ப்ஷையர், பஃபலோ ஆகிய எல்லாப் படிகளையும் கடந்து செப்டம்பரில் டொராண்டோவுக்கு வந்து சேர்ந்தார். மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் டாட்ஜர்ஸுக்கு எதிராக 12 ஸ்ட்ரைக்அவுட்கள் எடுத்தது, அந்தத் தொடரில் ஓர் அறிமுக ஆட்டக்காரரின் சாதனை. அடையாளம் முன்பே தெரிந்தது: மைனர் லீக் இன்னிங்ஸ்களில் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஒன்றரைக்கும் மேற்பட்ட ஸ்ட்ரைக்அவுட்கள் எடுத்திருந்தார். பந்துவீச்சாளரின் வெற்றி தோல்விக் கணக்கையும், ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரியான ஈஆர்ஏவையும்விட, எதிர்கொண்டவர்களில் எத்தனை பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், எத்தனை பேருக்கு வாக் கொடுத்தார் என்ற இரண்டையும் பாருங்கள்.

ஆனாலும் பந்துவீச்சாளர்கள் விஷயத்தில் நான் மிகவும் தயங்கியே பரிந்துரைப்பேன். மார்க் அப்பெல் 2013 டிராஃப்டில் எல்லோருக்கும் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். காயங்களும் இடைவெளிகளும் கடந்து அவர் மேஜர் லீக்கில் முதன்முதலாகப் பந்து வீசியது 2022-ல், தம் 30-ஆம் வயதில். தாய்வழியில் இந்திய வம்சாவளியினரான குமார் ராக்கர், 2022-ல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸால் மூன்றாவதாக எடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டே முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. 2024 செப்டம்பரில்தான் அவரால் மேஜர் லீக்கில் களமிறங்க முடிந்தது. இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்பிவர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். பால் ஸ்கீன்ஸ் போல, தேர்ந்தெடுக்கப்பட்ட மறு ஆண்டே வந்து 1.96 ஈஆர்ஏவோடு பருவத்தை முடிப்பவர்கள் அரிது. ஆகவே உங்கள் மைனர் லீக் இடங்களில் பெரும்பகுதியை மட்டையாளர்களுக்குக் கொடுத்துவிட்டு, பந்துவீச்சாளர்களை டபுள்-ஏவையோ டிரிபிள்-ஏவையோ எட்டிய பிறகு எடுங்கள்.

எல்லாவற்றிலும் தேறிவிட்டவரைக்கூட டிரிபிள்-ஏவிலேயே அணிகள் வைத்திருப்பது ஏன்?
– ஒரு வாசகர், எடிசன்

பல நேரங்களில் காரணம் பணம். மேஜர் லீக் அணியில் 172 நாள்கள் இருந்தால் அது ஓர் ஆண்டுப் பணியாகக் கணக்காகிறது; அப்படி ஆறு ஆண்டுகள் முடிந்தால் ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குச் செல்லலாம். 2015-ல் சிகாகோ கப்ஸ், கிரிஸ் பிரையண்டை ஏப்ரல் 17 அன்று அழைத்தபோது, அவருக்கு அந்தப் பருவத்தில் 171 நாள்களே சேர முடிந்தது. ஒரு நாள் குறைவால் அணிக்கு அவர் மேலும் ஓராண்டு கிடைத்தார். ஓர் இளைஞரின் உழைப்பை இப்படி நாள் எண்ணிக் கணக்கிடுவது எனக்கு உவப்பானதல்ல. அணிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான 2022 ஒப்பந்தத்தில், சிறந்த இளம் ஆட்டக்காரரைப் பருவத் தொடக்கத்திலேயே களமிறக்கி அவர் அறிமுக ஆட்டக்காரர் விருது வென்றால், அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு தரப்படும் என்ற விதி வந்தது. ஹூலியோ ரொட்ரிகஸால் சியாட்டில் அணி அதை முதலில் பெற்றது. எனவே மார்ச் மாத இறுதியில் இத்தகைய இளைஞர்களைப் பற்றிய செய்திகளைத் தவறாமல் படியுங்கள்.

நான் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து வைத்திருந்தவர் மேஜர் லீக்குக்கு வந்ததும் தடுமாறுகிறார். விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், பிராம்ப்டன், கனடா

முதல் மாதத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். 2022 டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜாக்சன் ஹாலிடே, 2024 ஏப்ரலில் 20 வயதில் வந்து 34 முறையில் இரண்டே ஹிட்கள் எடுத்து, மீண்டும் டிரிபிள்-ஏவுக்கு அனுப்பப்பட்டார். 2011-ல் 19 வயதில் வந்த மைக் ட்ரவுட் 40 ஆட்டங்களில் எடுத்த சராசரி 0.220, அவரே மறு ஆண்டு 0.326 சராசரியும் 30 ஹோம் ரன்களும் 49 திருட்டுகளும் சேர்த்தார். எல்லோரும் ட்ரவுட் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் 21 வயதுக்கு உட்பட்டவரின் முதல் தோல்வி அவருடைய திறமையைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. 26 வயதில் முதன்முதலாக வந்து தடுமாறுபவரை விடுவதற்கு நான் இவ்வளவு தயங்க மாட்டேன். உங்கள் ஆட்டக்காரர் இளையவர் என்றால், எதிரணிகள் அவருக்கு எந்த வகைப் பந்தை வீசுகின்றன, அதற்கு அவர் வாரந்தோறும் பதில் காண்கிறாரா என்று பாருங்கள். ஸ்ட்ரைக்அவுட்கள் குறையத் தொடங்கினால் காத்திருங்கள்.

மைனர் லீக் இடத்தில் ஒருவரை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?
– ஒரு வாசகி, சான் ஹோசே

அதை உங்கள் லீக்கின் விதியே தீர்மானிக்கும். பல லீக்குகள் மேஜர் லீக்கின் அறிமுக ஆட்டக்காரர் வரம்பையே பின்பற்றுகின்றன: மட்டையாளருக்கு 130 அட்-பேட்கள் (அடிக்க வந்த முறைகள்), பந்துவீச்சாளருக்கு 50 இன்னிங்ஸ்கள். அதைத் தாண்டியதும் அவரை முதன்மை அணிக்கு மாற்றவோ விடவோ நேரிடும் என்பதால், அந்த எண்ணை அவர் நெருங்கும் முன்பே முதன்மை அணியில் ஓர் இடத்தைக் காலி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.