நாள்தோறும் வளரும் எக்செல் பட்டியலில் ஃபார்முலாவின் ரேஞ்சைக் கையால் நீட்டிக்கொண்டே இருக்காமல் சமாளிப்பது எப்படி?

தினமும் புதிய வரிசைகள் சேரும் ஷீட்டில் ஃபார்முலாக்களைத் திரும்பத் திரும்பத் திருத்தாமல் இருக்கப் புதிய ஃபங்ஷன்கள் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உதவும். (பெயர்களையும் நெடுவரிசை எழுத்துகளையும் இங்கே தமிழில் எழுதுகிறேன், ஷீட்டில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும்.)

ஒரு மளிகை மொத்தக் கடையின் விற்பனைக் கணக்கை நான் பார்த்துவருகிறேன். ஏ முதல் இ வரை தேதி, பில் எண், வாடிக்கையாளர், பொருள், தொகை என்று ஐந்து நெடுவரிசைகள். தொடக்கத்தில் எல்லா ஃபார்முலாக்களையும் இ2:இ2000 என்று எழுதி வைத்திருந்தேன். பட்டியல் 2037-ஆவது வரிசையைத் தாண்டிய பிறகுதான், ஒரு வாடிக்கையாளர் தம் நோட்டைக் கொண்டுவந்து காட்டி, பாக்கித் தொகை பொருந்தவில்லை என்றார். கடைசி முப்பத்தேழு வரிசைகளுக்கும் மேல் கூட்டலில் சேரவே இல்லை. எந்தச் செல்லிலும் பிழைக்குறி வரவும் இல்லை. நேரம் வீணாவதைவிட இந்தச் சத்தமில்லாத விடுபடல்தான் பெரிய ஆபத்து என்பதால், ரேஞ்சுக்கு நாமே ஒரு முடிவு எண்ணை எழுதும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள் என்று சொல்வேன்.

முதலில் பார்க்க வேண்டியது டேபிள். 2007 பதிப்பிலிருந்தே நன்றாக வேலை செய்யும் வசதி இது. பட்டியலை டேபிளாக மாற்றிவிட்டால், அடியில் ஒரு வரிசை சேர்த்தவுடன் அதைச் சுட்டும் ஃபார்முலாக்களும் தாமாக நீண்டுகொள்ளும். உங்கள் ஷீட்டில் இது ஒத்துவந்தால் வேறெதுவும் தேவையில்லை. ஆனால் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய ஷீட்டில் டேபிள் வளராது. ஃபில்டர் (நிபந்தனைக்குப் பொருந்தும் வரிசைகளை எடுப்பது), யுனிக் (திரும்பத் திரும்ப வருவதை ஒரே முறை தருவது) போல விடையைப் பல செல்களில் விரிக்கும் ஃபார்முலாக்களை டேபிளுக்குள் எழுதினால் ஸ்பில் பிழை வரும். எங்கள் ஷீட் பூட்டியே இருக்க வேண்டியிருந்ததால் வேறு வழி தேட நேர்ந்தது.

முன்பு இதற்கு, ரேஞ்சின் நீளத்தை மாற்றித் தரும் ஆஃப்செட்டையும் காலியல்லாத செல்களை எண்ணும் கவுண்ட்ஏவையும் சேர்த்து எழுதுவோம். ஷீட்டில் எந்தச் செல்லை மாற்றினாலும் ஆஃப்செட் மறுபடி கணக்கிடும் என்பதால் கோப்பு மந்தமாகிவிடும். நடுவில் ஒரு செல் காலியாக இருந்தாலும் கவுண்ட்ஏவின் எண்ணிக்கை குறைந்து, கடைசி வரிசை விடுபட்டுப்போகும். மாறாக ஃபில்டருக்கு முழு நெடுவரிசையையும் கொடுத்தால், அது 10,48,576 வரிசைகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கும். நிபந்தனைக்குப் பொருந்தும் தொகைகளைக் கூட்டும் சம்இஃப்ஸ் இதற்கு விதிவிலக்கு: பயன்பாட்டில் உள்ள பகுதியோடு அது நின்றுகொள்வதால், இ:இ, சி:சி என்று தயங்காமல் கொடுக்கலாம்.

இந்த இடத்தில்தான் ட்ரிம்ரேஞ்ச் வருகிறது. 2024-இல் சோதனைப் பயனர்களுக்கு முதலில் அறிமுகமான இது, ரேஞ்சின் ஓரங்களில் உள்ள காலி வரிசைகளையும் நெடுவரிசைகளையும் வெட்டிவிட்டுத் தரவு உள்ள பகுதியை மட்டும் தருகிறது. இதற்குச் சுருக்க வடிவமும் உண்டு. ஏ:.இ என்று முக்காற்புள்ளிக்குப் பின் ஒரு புள்ளி வைத்தால் கடைசியில் உள்ள காலி மட்டும் நீங்கும். இருபுறமும் புள்ளி வைத்தால் இரு ஓரங்களிலும் நீங்கும். தலைப்பு வரிசையை விலக்க டிராப்(ஏ:.இ,1) என்று எழுதினால் போதும். சிலர் ஏ2:.இ50000 என்று எழுதுகிறார்கள். அந்த 50000-உம் ஒரு நாள் போதாமல் போகும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

இதிலும் நான் தடுக்கி விழுந்த இடம் ஒன்று உண்டு. ஒரு வாடிக்கையாளரின் வரிசைகளை எடுக்க =ஃபில்டர்(ஏ:.இ, சி:.சி=ஹெச்1) என்று எழுதியிருந்தேன் (ஹெச்1-இல் அவர் பெயர் இருக்கும்); பல நாட்கள் சரியாக ஓடியது. ஒரு நாள் மாலை கடைசியாக ஏறியது ரொக்க விற்பனை. அதில் வாடிக்கையாளர் பெயர் இல்லை. ஐந்து நெடுவரிசைத் தொகுதி அந்த வரிசைவரை நீள, சி மட்டும் ஒரு வரிசை முன்னதாகவே வெட்டப்பட்டுவிட்டது. இரண்டின் உயரமும் பொருந்தாததால் வேல்யூ பிழை வந்தது. எனவே தனித்தனியாக வெட்டாமல், தொகுதியை ஒரே முறை வெட்டி, அதிலிருந்தே நெடுவரிசையைப் பிரித்தெடுங்கள் (லெட் வெட்டிய தொகுதிக்குத் தரவு என்று பெயர் வைக்கிறது, சூஸ்கால்ஸ் அதன் மூன்றாவது நெடுவரிசையை எடுக்கிறது):

=லெட்(தரவு, டிராப்(ஏ:.இ,1), ஃபில்டர்(தரவு, சூஸ்கால்ஸ்(தரவு,3)=ஹெச்1))

இன்னொன்று: வெற்று மேற்கோள்குறியைத் தரும் ஃபார்முலாவை யாராவது ஐயாயிரம் வரிசைக்கு முன்கூட்டியே இழுத்துவிட்டிருந்தால், கண்ணுக்குக் காலியாகத் தெரியும் அந்தச் செல்கள் எக்செலுக்குக் காலி அல்ல, அவை வெட்டப்படமாட்டா. தெரியாமல் அடித்த இடைவெளிக்கும் இதே கதிதான்.

ஒவ்வொரு வாடிக்கையாளரின் மொத்தத் தொகையையும் காட்டும் சுருக்கப் பட்டியலைத் தனி ஷீட்டில் வையுங்கள். தரவு உள்ள நெடுவரிசைகளிலேயே எழுதினால் ஃபார்முலா தன்னையே சுட்டும் சிக்கல் வரும். ஜி2-இல் யுனிக் கொண்டு வாடிக்கையாளர் பெயர்களை எடுங்கள். ரொக்க விற்பனையின் காலிச் செல்கள் பூஜ்யமாக வந்து நிற்கும் என்பதால், அவற்றை முதலில் ஃபில்டரால் நீக்கிவிட வேண்டும். பிறகு சம்இஃப்ஸின் நிபந்தனை இடத்தில் ஜி2# என்று (ஜி2-இலிருந்து விரிந்த முழுப் பட்டியல் என்று பொருள்) கொடுத்தால், பெயர்கள் எத்தனை கூடினாலும் தொகைகளும் உடன் விரியும்.

ட்ரிம்ரேஞ்ச் மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் உண்டு. ஒரே முறை பணம் கட்டி வாங்கும் 2021, 2024 பதிப்புகளில் இல்லை. ஆனால் ஃபில்டர், யுனிக், லெட் மூன்றும் 2021-இலேயே இருக்கின்றன. அங்கே டேபிளோடு அவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தலாம். கூகுள் ஷீட்ஸில் ஏ2:இ என்று முடிவு எண் இல்லாமலே எழுத முடியும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், சுருக்கத்தின் மொத்தத்தை =சம்(இ:இ) தரும் மொத்தத்திலிருந்து கழித்துக் காட்டும் ஒரு செல்லைத் தரவுக்கு வெளியே வைத்துவிடுங்கள். எங்கள் ஷீட்டில் அந்த வித்தியாசம், பெயரில்லாத ரொக்க விற்பனையின் கூட்டுத்தொகைக்குக் காசு பிசகாமல் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்று கணக்கை முடிக்க மாட்டேன்.