பொதுச் சுகாதாரத்தின் பெயரால் இறுதிச் சடங்கை அரசு மறுக்கலாமா?

தொற்றுநோய்க் காலத்தில் இறந்தவருக்குரிய சமயச் சடங்கை அரசு தடுப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படியொரு சாவு நடந்திருக்கும் என்று எண்ணியே எழுதுகிறேன்.

தடுக்கலாம், ஆனால் காரணத்தைக் காட்டித் தடுக்க வேண்டும், அந்தக் காரணம் நிற்காது என்று தெரிந்த அன்றே தடையை நீக்க வேண்டும். இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை சமயத்தைக் கடைப்பிடிக்கும் சுதந்திரத்தைத் தருகிறது. 15ஆம் உறுப்புரை பொதுச் சுகாதாரத்துக்காக அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்த இடம் கொடுக்கிறது. இதில் எனக்கு மறுப்பில்லை. நான் விஞ்ஞானத்துக்கு எதிரானவன் என்று யாரும் எழுத வேண்டாம்; தடுப்பூசி வந்தவுடன் வரிசையில் நின்று போட்டுக்கொண்டவன்.

திருகோணமலை நகரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். என் பக்கத்து மேசையில் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர் இருந்தார்; அவரை நானா, அதாவது அண்ணன், என்றே அழைப்பேன். 2020 நவம்பரில் அவருடைய வாப்பா, அதாவது தகப்பன், கோவிட் தொற்றினால் வபாத்தானார். 2020 ஏப்ரல் 11இல் வெளிவந்த அரசிதழான வர்த்தமானி, கோவிட்டால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று விதித்திருந்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனமோ புதைக்கவும் எரிக்கவும் அனுமதித்திருந்தது. சம்மதக் கடிதத்தில் நானா கையெழுத்து வைக்கவில்லை. குளிப்பாட்டாமல், கபன் என்ற வெள்ளைத் துணி சுற்றாமல், இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை இல்லாமல் எரித்துவிட்டார்கள். அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, ஆறுதல் என்று நினைத்து, "உயிர் போன பிறகு உடம்பை என்ன செய்தால் என்ன நானா, நாங்கள் எல்லோரும் எரிக்கிறோம்தானே" என்றேன். அவர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டாமல் நெடுநேரம் இருந்தார்.

டிசம்பரில், பிறந்து 20 நாளேயான குழந்தை ஒன்றை எரித்த செய்தி வந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கைக்குழந்தையைச் சைவர்களாகிய நாங்களும் எரிப்பதில்லை, புதைப்பதே வழக்கம்.

2021 ஆகஸ்ட் இறுதியில் என் அம்மா அதே தொற்றினால் இறந்தார். நாடு முழுவதும் ஊரடங்கு. உடலை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணப்பொடி இடிக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் வரவில்லை. மடித்த தாளில் கொண்டுபோயிருந்த திருநீற்றை வைத்தியசாலைச் சிற்றூழியர் ஒருவர் என் கையிலிருந்து வாங்கி, மூடிக் கட்டிய பையின் மேல், நெற்றி இருக்கக்கூடிய இடம் பார்த்துப் பூசினார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இறந்த 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியையை எங்கள் ஊரில் கன்னியா வெந்நீரூற்றில் செய்வார்கள். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்பது ஐதிகம். ஊரடங்கு ஒக்டோபர் 1 வரை நீடித்ததால் 31ஆம் நாள் கிரியையை வீட்டு முற்றத்திலேயே முடித்தோம்.  அம்மாவுக்கு அந்த நீர் கிடைக்கவில்லை என்ற குறை இன்னும் போகவில்லை.

எனக்கு அஸ்தியாவது கிடைத்தது, கடலில் கரைத்தேன். என் சமயம் எரிக்கச் சொல்கிறது, எரித்தார்கள். இவ்வளவு கிடைத்தும் எனக்கு இப்படி என்றால், சமயம் விலக்கியதையே தகப்பனுக்குச் செய்யக் கண்ட அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அடுத்த கிழமையே நானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சாம்பலை எங்கே கொட்டினார்களோ தெரியாது தம்பி, இதுதான் கபுறடி, வாப்பாவைப் புதைத்த இடம் என்று போய் நிற்க எனக்கு ஓரிடம் இல்லை" என்றார்.

2021 பெப்ரவரியில் தடை நீங்கியது. மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கொடுத்தார்கள். அந்த நிலத்தில் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும்கூட உறங்குகிறார்கள். நிலத்தடி நீர் பெப்ரவரிக்குப் பிறகு மாறிவிடவில்லை. முன்னர் சொன்ன காரணம் அப்போதும் நிற்கவில்லை என்பதே அதன் பொருள். உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1இல் கட்டாய எரிப்புக்கு எதிரான மனுக்களைத் தள்ளுபடி செய்தபோதும் காரணம் கூறவில்லை. அமைச்சரவை 2024 ஜூலையில்தான் மன்னிப்புக் கோரியது. உங்களிடமும் யாராவது சுகாதாரக் காரணம் என்று சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். பக்கத்து மேசைக்காரர் அப்படிக் கேட்கும்போது, நான் செய்ததுபோல் அவரைச் சமாதானப்படுத்தப் போகாதீர்கள்.