எண்ணெய் மிதந்தால்தான் ருசியா?

கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதால் பச்சை பாக்கெட் பாலிலிருந்து நீலத்துக்கு மாறினோம். அதே காபித்தூள், அதே டிகாஷன். ஆனால் மாமனார் "கழனித்தண்ணி" என்கிறார். தூளை மாற்றலாமா? (வாசகி, அஸ்தம்பட்டி)

தூள் மேல் பழி போடாதீர்கள். பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், நீலத்தில் 3. மாமனார் நாக்கு தேடுவது அந்த ஒன்றரையைத்தான். பாலின் கொழுப்புத் துளிகள் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே புகுந்து உரசலைக் குறைக்கின்றன. அந்த வழுக்கலைத்தான் நாம் "திக்கா இருக்கு" என்கிறோம்.

இதை அளந்தும் பார்த்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பும் சர்க்கரையும் வெவ்வேறு அளவில் கலந்த மில்க்‌ஷேக்குகளைப் பன்றி நாக்குகளுக்கு நடுவே ஊற்றித் தேய்த்து உரசலைக் கணக்கிட்டார்கள். (நம் ஊர் கறிக்கடைக்காரர் கேட்டால் சிரிப்பார்.) அதையே மனிதர்களுக்குக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தபோது, கண்களுக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு பகுதியின் செயல்பாடு அந்த வழுக்கலுக்கு ஏற்பக் கூடிக் குறைந்தது. யாருக்கு அந்தப் பகுதி நுணுக்கமாக வேலை செய்ததோ, அவர்கள் பிறகு சாப்பாட்டில் கொழுப்பு அதிகமான குழம்பையே விரும்பினார்கள். ஆக, மாமனார் அடம்பிடிக்கவில்லை. அவர் நாக்கு கொஞ்சம் கூர்மை, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் பச்சையும் நீலமும் பாதிப்பாதி கலந்து கொடுங்கள். பிறகு நீலத்தைக் கூட்டலாம். பாலைச் சுண்டக் காய்ச்சிக் கெட்டியாக்க வேண்டாம். தண்ணீர் வற்றினால் கொழுப்பின் அடர்த்தியும் ஏறும், நீலம் வாங்கி என்ன பயன்?

குழம்புக்கு எண்ணெயைப் பாதியாக்கினேன். மசாலா வாசமே எடுபடவில்லை. (வாசகர், ஆத்தூர்)

மிளகு, சீரகம், பட்டை எல்லாவற்றின் வாசமும் பெரும்பாலும் எண்ணெயில் கரைவது. வதக்கக் குறைவாக ஊற்றி, இறக்கியதும் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயை மேலே விடுங்கள். நாக்கில் முதலில் படுவது மேலே மிதப்பதுதானே. ஏறுவது சுமார் 40 கலோரி.

சேலத்தில் வாங்கும்போது வாயில் கரைந்த மைசூர்பாகு, ஏற்காடு வந்ததும் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டுகிறதே? (வாசகி, ஏற்காடு)

நெய் உங்கள் வாய்ச்சூட்டை ஒட்டித்தான் முழுசாக இளகும். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் அது இறுகிப்போயிருக்கும். வாய் அதைச் சூடாக்குவதற்குள் நீங்கள் விழுங்கிவிடுகிறீர்கள். தட்டை அடுப்பருகே கால் மணி நேரம் வையுங்கள். அப்படியும் ஒட்டினால் வனஸ்பதி சேர்ந்திருக்கலாம். அது இளக 41 டிகிரி வரை தேவைப்படும், வாய் 37-ஐத் தாண்டாது.

தட்டுவடை செட் காரத்துக்குத் தண்ணீரா, மோரா? (வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

மோர். மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது.

பாயசத்தில் தேங்காய்ப்பாலைக் குறைத்து ஜவ்வரிசியைக் கூட்டினால் அதே ருசி வருமா? (வாசகி, அம்மாபேட்டை)

கெட்டி வரும், வழுக்கல் வராது. மரவள்ளி மாவு வாயில் கனமாக நிற்கும். கொழுப்பு மாதிரி நழுவாது. இரண்டாம் பாலில் வேகவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு முதல் பால் ஒரே ஒரு கரண்டி ஊற்றுங்கள். முந்திரியை நெய்யில் வறுத்துக் கொட்டப் போகிறீர்கள் என்றால் அந்தக் கரண்டியும் வேண்டியதில்லை.