2¹⁰⁰-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி என்ன?

2¹⁰⁰ என்பது 31 இலக்க எண். அதை விரித்து எழுதவே வேண்டாம், மீதிகளை மட்டும் கவனித்தால் போதும். 2³ = 8, 7-ஆல் வகுத்தால் மீதி 1. 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1 தானே! 100 = 3 × 33 + 1. ஆகவே 2⁹⁹-க்கு மீதி 1. இன்னொரு 2 பெருக்க, விடை 2.

வகுபடும் விதிகளும் இப்படித்தான் பிறக்கின்றன. 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால்தான் ஓர் எண் 9-ஆல் வகுபடுமா என்று அறிய அதன் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கிறோம்.

சரி, 7-க்கு? எனக்கு மிகவும் பிடித்த எண் 1001. அது 7 × 11 × 13. 1000 = 1001 − 1. எனவே இம்மூன்றாலும் வகுத்து மீதி பார்க்கும்போது 1000 என்பது −1 போலவே நடந்துகொள்ளும். 483259-ஐ எடுங்கள், அதாவது 483 × 1000 + 259. வலப்பக்க மூன்று இலக்கத்திலிருந்து இடப்பக்கத்தைக் கழியுங்கள்: 259 − 483 = −224. 224 = 7 × 32, ஆகவே 7-ஆல் வகுபடும். 11, 13-ஆல் வகுபடாது.

பலரும் தடுக்கி விழுவது குறியில்தான். 13-க்கு, 224 = 13 × 17 + 3. உடனே மீதி 3 என்று எழுதிவிடாதீர்கள். நம்மிடம் இருப்பது −224; மீதி −3, அதாவது 13 − 3 = 10. வகுபடுமா என்று மட்டும் கேட்டால் குறி பொருட்டல்ல, மீதி கேட்டால் அதுதான் முக்கியம்.