எழுத்தாளர் குழுவுல சேர்றதால நிஜமாவே பிரயோஜனம் இருக்கா?

மூணு வருஷமா தனியா கதை எழுதிட்டு இருக்கேன், எழுத்தாளர் குழுவுல சேரலாமா, இல்ல அது ஒருத்தர ஒருத்தர் பாராட்டிக்கற இடம் மட்டும்தானா, அங்கிருந்து வந்து பெருசா சாதிச்சவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா சேருங்க. நான் ஆறு வருஷமா ஒரு சின்ன குழுவுல இருக்கேன், மொத்தம் ஒன்பது பேர், மாசத்துக்கு ரெண்டு தடவ வீடியோ கால்ல கூடுவோம், சிறுகதை, நாவல் ரெண்டும் எழுதறவங்க இருக்காங்க.

எங்க கூட்டத்துல முதல் பத்து நிமிஷம் யார் என்ன பண்ணாங்கன்னு சொல்றதுக்குத்தான். ஒருத்தர் கதை பத்திரிகைல வரப்போகுதும்பாங்க, இன்னொருத்தர் நாவலோட முதல் டிராஃப்ட முடிச்சுட்டேன்னு சொல்லுவார், அடுத்தவங்க கதை திரும்பி வந்துடுச்சும்பாங்க. மூணுக்குமே கை தட்டுவோம். திரும்பி வந்ததுக்கு எதுக்கு கை தட்டணும்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க, அனுப்பினாத்தானே திரும்பி வரும், அனுப்பறதுக்கே எத்தன பேருக்கு மனசு வரமாட்டேங்குது.

ஒரு கதைய சொல்றேன், அந்த தோழிகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். செத்துப்போன அப்பாவோட பழைய லெட்டர் ஒண்ணு மக கைக்கு கிடைக்குது. அத படிச்சதும் அவளுக்கு என்னெல்லாம் தோணுச்சுன்னு அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தாங்க. கதை ஒன்பது பத்திரிகைல இருந்து திரும்பி வந்துடுச்சு. எங்க குழுவுல ஒருத்தர் அந்த அரைப் பக்கத்துக்கு பக்கத்துல ஒரே ஒரு வரி எழுதி வச்சார், "இங்க நான் கதைய விட்டு வெளிய வந்துட்டேன்". நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு எதுவும் இல்ல, எந்த இடத்துல வெளிய வந்தாருன்னு மட்டும்தான். அடுத்த டிராஃப்ட்ல அந்த அரைப் பக்கமே இல்ல. அதுக்கு பதிலா மக அந்த லெட்டர பழைய மடிப்பு மாறாம மறுபடி மடிச்சு கவருக்குள்ள வைக்கிறா, அவ்வளவுதான். பத்தாவதா அனுப்பின பத்திரிகைல கதை அச்சாயிடுச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு அவங்களோட முதல் தொகுப்புல அதுதான் முதல் கதை. அந்த புக்க கைல வாங்கினப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, நான் எழுதின புக்குக்குக்கூட அப்படி ஆனதில்ல.

சாதிச்சவங்க யாருன்னு கேட்டீங்கல்ல, நிறைய பேர் இருக்காங்க. அமெரிக்கால 1968ல ஆரம்பிச்ச கிளாரியன்னு ஒரு எழுத்துப் பட்டறை, ஆறு வாரம் நடக்கும், வாரத்துக்கு ஒரு எழுத்தாளர் வந்து நடத்துவாங்க, சேர்றவங்க அங்கயே கதை எழுதி அங்கயே ஒருத்தர் கதைய மத்தவங்க அலசுவாங்க. அறிவியல் புனைகதை எழுத்தாளர் டெட் சியாங் 1989ல அங்க போனார், அடுத்த வருஷம் வெளிவந்த அவரோட முதல் கதையே அறிவியல் புனைகதை, ஃபேன்டஸிக்கு கொடுக்கற நெபுலா விருது வாங்குச்சு. அவர் எழுதின ஒரு நீண்ட கதைதான் 2016ல அரைவல்னு சினிமாவா வந்தது.

ஆனா அத மட்டும் பாத்துட்டு பட்டறைக்கு போனா அடுத்த வருஷமே விருதுன்னு நினைச்சுடாதீங்க. ஆக்டேவியா பட்லர் 1970ல அதே கிளாரியனுக்கு போனவங்க, அங்க கதை வித்ததும் இனிமே எல்லாம் சரியாயிடும்னு நம்பினாங்க. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் ஒரு கதை கூட விக்கல, கிடைச்ச வேலைய செஞ்சுக்கிட்டே எழுதினாங்க. முதல் நாவல் 1976ல வந்துச்சு, 1995ல மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப்னு அமெரிக்கால படைப்பாளிகளுக்கு கொடுக்கற பெரிய விருது, அறிவியல் புனைகதை எழுத்தாளருக்கு அது கிடைச்சது அதான் முதல் தடவ. விருத எல்லாரும் பேசறாங்க, நான் அந்த அஞ்சு வருஷத்தத்தான் அடிக்கடி நினைச்சுக்கறேன். அந்த மாதிரி வருஷங்கள்ல "நீ எழுதறவதான்"னு சொல்ல ஒரு ஆள் பக்கத்துல இருக்கறது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா.

குழுன்னா எழுத்தாளர்களா மட்டும்தான் இருக்கணும்னு இல்ல. அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வியர் 'தி மார்ஷியன்'ங்கற தன்னோட செவ்வாய் கிரக நாவல சொந்த வெப்சைட்ல அத்தியாயம் அத்தியாயமா இலவசமா போட்டார், சயின்ஸ் தெரிஞ்ச வாசகர்கள் இங்க கணக்கு தப்பு, இது இப்படி நடக்காதுன்னு சொல்லச் சொல்ல திருத்திக்கிட்டே வந்தார். 2011ல ஈபுக், 2014ல பெரிய பதிப்பகம், 2015ல சினிமா. மொழிபெயர்ப்பாளரையும் சேத்துக்கணும். கன்னடத்துல பானு முஷ்தாக் 1990ல இருந்து 2023 வரைக்கும் எழுதின கதைகள்ல பன்னண்ட தேர்ந்தெடுத்து இங்கிலீஷ்ல கொண்டு வந்தவங்க தீபா பாஸ்தி, 2025ல அதுக்கு இன்டர்நேஷனல் புக்கர் கிடைச்சப்ப பரிசுப் பணம் ரெண்டு பேருக்கும் சரிபாதி. சிறுகதைத் தொகுப்புக்கு அந்த விருது கிடைச்சது அதான் முதல் தடவ.

நம்ம மொழியிலயே பெருமாள்முருகன் இருக்கார். தன்னோட 'மாதொருபாகன்' நாவலுக்கு வந்த எதிர்ப்புல 2015 ஜனவரியில இனிமே எழுதமாட்டேன்னு அறிவிச்சார், அப்ப கோர்ட்டுக்கு போனது சக எழுத்தாளர்களோட சங்கம், தமுஎகசங்கற தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் பேர்ல போன அந்த வழக்குல 2016 ஜூலைல சென்னை உயர்நீதிமன்றம் அவர் மறுபடி எழுதட்டும்னு தீர்ப்பு சொல்லுச்சு. அவரும் எழுதினார். 2023ல அவரோட பூக்குழி நாவலோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இன்டர்நேஷனல் புக்கர் நெடும்பட்டியல்ல வந்தப்ப எல்லாரும் கொண்டாடினோம், அன்னிக்கு எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த வழக்குதான்.

மோசமான குழுவும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். இதுக்கு முன்ன நான் ஒரு குழுவுல இருந்தேன், யார் எத போட்டாலும் அருமை அருமைதான், ஒருத்தர் மட்டும் எல்லார் கதையயும் தன் கதை மாதிரி மாத்தி எழுதச் சொல்லுவார். நாலு மாசத்துல வந்துட்டேன், அந்த நாலு மாசத்துல நான் எழுதினது எதுவும் என் குரல்ல இல்ல. அதனால சேர்றதுக்கு முன்ன ஒரு கூட்டத்துல சும்மா உக்காந்து கேளுங்க, கதையோட குறிப்பிட்ட வரிய, குறிப்பிட்ட இடத்த சொல்லி பேசறாங்களா, இல்ல பொதுவா பேசிட்டு போயிடறாங்களான்னு அதுலயே தெரிஞ்சுடும்.

குழு கிடைக்கலன்னா நீங்களே ஆரம்பிங்க, மூணு பேர் போதும். நாங்க மில்ஃபோர்ட் முறைதான் வச்சிருக்கோம், 1950கள்ல அமெரிக்க எழுத்தாளர்கள் கொண்டு வந்தது, கிளாரியன்லயும் அதேதான். கதைய ஒரு வாரம் முன்னாடியே அனுப்பிடணும், ஒவ்வொருத்தரா தன் முறை வர்றப்ப பேசணும், எழுதினவர் கடைசி வரைக்கும் வாய திறக்கக் கூடாது. முதல் தடவ ரொம்ப கஷ்டமா இருக்கும், நான் அதச் சொல்ல வரல இதச் சொல்ல வந்தேன்னு நாக்கு துடிக்கும், ஆனா நம்ம கதை அச்சுல வந்தப்புறம் ஒவ்வொரு வாசகர் பக்கத்துலயும் போய் நின்னு விளக்கம் சொல்ல முடியாதுல்ல.

அந்த லெட்டர் கதை எழுதின தோழி இப்ப நாவல் எழுதறாங்க, இந்த சனிக்கிழமை நாலாவது அத்தியாயம். நான் பதினோராவது பக்கத்துல இருக்கேன், ரெண்டு இடத்துல வெளிய வந்தேன், குறிச்சு வச்சிருக்கேன்.