குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவருக்கு என்ன உரிமைதான் மிச்சம்?

விசாரணையே இல்லாமல் ஒருவரை ஓராண்டு சிறையில் வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் முடியும். குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம் அதற்கு இடம் தருகிறது. உத்தரவு போடுவது நீதிபதி அல்ல, மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகரக் காவல் ஆணையர். செய்த குற்றத்துக்குத் தண்டனையாக இல்லாமல், இனி செய்துவிடுவார் என்ற அச்சத்தில் அடைக்கிறார்கள். இதுதான் தடுப்புக்காவல்.

சரி, பாதுகாப்பு எங்கே? அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவில். காரணங்களை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். உத்தரவை எதிர்த்து அவர் அரசுக்குக் கொடுக்கும் மனுவைத் தாமதமின்றிப் பரிசீலிக்க வேண்டும். 3 மாதத்துக்கு மேல் வைத்திருக்க உயர் நீதிமன்ற நீதிபதி தகுதி உள்ளவர்களைக் கொண்ட அறிவுரைக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். ஆனால் அந்தக் குழுமத்தின் முன் வழக்கறிஞரை உரிமையாகக் கேட்க முடியாது. எனக்குப் பெரிய அநியாயமாகப் படுவது இதுதான்.

அதனால் பலர், சட்டவிரோதமாக அடைத்தவரை விடுவிக்கக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் போடுகிறார்கள். அடைக்கப்பட்டவரின் மனுவை அரசு பரிசீலிக்கத் தாமதம், அவருக்குத் தந்த ஆவணங்களின் படிக்க முடியாத நகல் போன்ற காரணங்களால் உத்தரவுகள் ரத்தாகின்றன. அதற்குள் பல மாதங்கள் சிறையில் போய்விடும். வழக்கமான சட்டமே போதும் என்றால் தடுப்புக்காவல் கூடாது என்று ரேகா வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆட்சியர்கள் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.